செம்புக் கம்பியும் என் பிள்ளையும்

1

"துக்காரா, புவாங்கா?" என்று மிஸ்ஸி கேட்டார்.

மாற்றுவதா, எடுத்துப் போட்டுவிடுவதா என்று அர்த்தம். இங்கே தாதிகளை மிஸ்ஸி என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். ஜொகூர் பக்கம் கூலாயில், தாமான் என்று சொல்லும் எங்கள் குடியிருப்பிலிருந்து நடந்து போகிற தூரத்தில் உள்ள அரசாங்கக் கிளினிக். தாய்சேய் பிரிவில் இடுப்புக்குக் கீழே பச்சைத் துணியைப் போர்த்திக்கொண்டு மல்லாந்து கிடக்கிறேன். என்னவோ காஸ் சிலிண்டரைப் பற்றிக் கேட்கிற மாதிரி கேட்கிறார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. காப்பர்-டி வைத்து ஐந்து வருடம் ஆகிவிட்டது. கெடு முடிந்தால் பழையதை எடுத்துவிட்டுப் புதியது வைக்க வேண்டும், இல்லையென்றால் எடுத்ததோடு விட வேண்டும். கேட்கத்தானே செய்வார்?

கல்யாண நாளுக்கு என் வீட்டுக்காரர் ஒரு கேக் வாங்கி வருவார். பிறந்த நாளை அவரும் மறப்பார், நானும் மறப்பேன். இந்தக் கம்பிக்கு வருடம் திரும்பியதை மட்டும் கவர்மெண்டே நினைவு வைத்துக் கூப்பிட்டிருக்கிறது, பாருங்கள்.

"செக்கெஜாப், மிஸ்ஸி" என்றேன். கொஞ்சம் பொறுங்கள். எழுந்து உடுத்திக்கொண்டு வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். மிஸ்ஸி நல்ல மாதிரி. "யோசித்துவிட்டு வாங்க, அவசரமில்லை" என்று மலாயில் சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

போன தடவை தேவகோட்டை வந்திருந்தபோது, பள்ளிக்கூடத்துச் சிநேகிதிகள் நான்கு பேர் என்னைப் பிடித்துக்கொண்டீர்கள். "உனக்கென்னடி கொறச்சல்? வீடு இருக்கு, காரு இருக்கு, சிங்கப்பூர் சம்பளம் வருது" என்றீர்கள். சிரித்துவிட்டு வந்தேன். காட்டக்கூடிய இடத்தில் இருந்தால் அல்லவா குறையைக் காட்டுவேன்? அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து என்ன யோசித்தேன் என்பதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். முகம் சுளிக்கிறவர்கள் இந்தப் பக்கத்தைத் தள்ளிவிட்டு வேறு எதையாவது படியுங்கள். எனக்கு வருத்தமில்லை.

2

என் வீட்டுக்காரர் பெயர் மணியம். அவருடைய தாத்தா காலத்திலேயே நம் பக்கத்திலிருந்து இங்கே வந்துவிட்ட குடும்பம். வேலை சிங்கப்பூரில். விடியும் முன்பே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். பாலத்தில் நெரிசல், சோதனைச் சாவடியில் நெரிசல், அப்புறம் நாள் முழுக்க வேலை. திரும்பி வரும்போது பேசுவதற்குக்கூட அவரிடம் தெம்பு மிச்சமிருக்காது. ஜொகூரில் பாதி வீடுகளில் அப்பா என்பவர் ஞாயிற்றுக்கிழமை வருகிற விருந்தாளிதான்.

வீட்டை நடத்துவது அவருடைய அக்கா, சரோஜா. பெற்றவர்கள் சீக்கிரம் போய்விட்டதால் தம்பியை வளர்த்து ஆளாக்கியவர். செம்பனைத் தோட்டத்து ஆபீசில் வேலை பார்த்தவர். கல்யாணமாகிக் கொஞ்ச காலத்திலேயே புருஷன் லாரியில் அடிபட்டுப் போய்விட்டார். பிள்ளை இல்லை. அவரைக் கொடுமைக்கார நாத்தனார் என்று நினைத்துவிடாதீர்கள். நான் வந்த புதிதில் பாசாரில் மீன் பேரம் பேசக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். என் மகன் பிரவின் பிறந்தபோது ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்தபடியே கிடந்தவரும் அவர்தான். கொடுமைக்காரியாக இருந்திருந்தால் நான் பாட்டுக்குச் சண்டை போட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

பிரவினுக்கு மூன்று வயது முடிவதற்குள் இரண்டாவது தங்கியது. ஐந்தாம் மாதத்தில் ரத்த அழுத்தம் ஏறி, குழந்தையும் போய், நானும் போகிற நிலைமைக்கு வந்துவிட்டேன். ஜொகூர் பாருவில் பெரிய ஆஸ்பத்திரியில் யார் யாருடைய ரத்தமோ என் உடம்பில் ஏறியது. டாக்டரம்மா என் வீட்டுக்காரரை நிற்க வைத்துச் சொன்னார்: இப்போதைக்கு இன்னொன்று வந்தால் தாயைக் காப்பாற்ற முடியுமா என்று என்னால் சொல்ல முடியாது. கருத்தடை மாத்திரை என் அழுத்தத்துக்கு ஆகாது. அதனால் காப்பர்-டி.

"அக்காகிட்ட மட்டும் சொல்லாத" என்றார் இவர். "நமக்கு இன்னொரு புள்ளை வேணும்னு கோயில்ல வேண்டிக்கிட்டு இருக்கு. மனசு ஒடஞ்சிரும்."

சரி என்றேன். அக்கா மனசு உடையக் கூடாது. என் மனசு என்ன, எவர்சில்வரா?

3

மிஸ்ஸி அப்போதே சொல்லித்தான் வைத்தார். முதல் சில மாதங்கள் வயிறு இழுத்துப் பிடிக்கும், ரத்தப்போக்கு அதிகமாக இருக்கும், நடுநடுவே கறை படும், பிறகு உடம்பு பழகிவிடும். நிறையப் பேருக்கு அப்படித்தான் பழகிவிடுகிறது. எங்கள் வரிசையில் நான்காவது வீட்டில் இருக்கிற சீனப் பெண்ணும் இதையே வைத்திருக்கிறாள். வைத்ததே மறந்துபோய்விட்டது என்கிறாள். நான் மறக்கவில்லை. என் உடம்பு மறக்கவிடவில்லை.

அடிவயிற்றில் யாரோ ஈரத்துணி பிழிகிற மாதிரி ஒரு வலி. மாதாமாதம் ஐந்து நாளில் முடிந்தது பத்து நாள், பன்னிரண்டு நாள் என்று இழுத்தது. நின்றுவிட்டது என்று தலைக்கு ஊற்றினால் மறுநாளே கறை. நான் வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறேன். மெஷின் ஸ்டூலில் கறுப்புத் துணியை நான்காக மடித்துப் போட்டுக்கொண்டு உட்காருவேன். அளவெடுக்க வருகிறவர்கள் முன்னால் எழுந்திருக்கும்போது பின்பக்கத்தைச் சுவரோடு வைத்தபடி நகருவேன். தலை சுற்றல் வேறு. ஐஸ் கட்டியைக் கண்டால் வாயில் போட்டுக் கடிக்க வேண்டும் என்று ஒரு வெறி. ரத்தம் குறைந்தால் அப்படி ஆகுமாம். கறுக்கு முறுக்கென்று நான் கடிப்பதைப் பார்த்து, "பல்லு போயிரும்டி" என்று அக்கா திட்டுவார்.

கிளினிக்குக்குப் போனால் முதலில் பதிவு கவுண்டர். அடையாள அட்டை கேட்பார்கள், நான் பாஸ்போர்ட்டை நீட்டுவேன். உடனே வேறு கவுண்டர். புருஷன் இந்த நாட்டுக்காரர், பிள்ளை இந்த நாட்டுக்காரன், அக்கா இந்த நாட்டுக்காரர். வீட்டில் நான் ஒருத்திதான் வெளிநாட்டுக்காரி. அங்கே முடித்து உள்ளே போனால் பாஷை. என் மலாய் அப்போது மீன் வாங்கவும் வெங்காயம் வாங்கவும்தான் போதும். மாதவிலக்கை இங்கே "டத்தாங் பூலான்" என்பார்கள். மாதம் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்த இரண்டையும் சேர்த்து, "மிஸ்ஸி, ஹாரி-ஹாரி டத்தாங் பூலான்" என்றேன். தினமும் மாதம் வருகிறது! மிஸ்ஸிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருக்கும்போது அழுகை வந்துவிட்டது. அவர் எழுந்து வந்து முதுகைத் தடவிக்கொடுத்தார். கம்பியின் நூல் சரியான இடத்தில் இருக்கிறது, ரத்தத்துக்கு இரும்பு மாத்திரை தருகிறேன், இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள், ரொம்ப முடியவில்லை என்றால் எடுத்துவிடலாம் என்றார்.

எடுத்திருக்கலாமே என்பீர்கள். எடுத்துவிட்டு இன்னொன்று தங்கி நான் செத்துப் போனால்? பிரவினுக்கு அம்மா இல்லாமல் போய்விடுமே. அந்த ஒரு பயத்தில்தான் பல்லைக் கடித்துக்கொண்டு அதை வைத்திருந்தேன்.

வீட்டில் அக்காவுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. விலக்கு நாளில் சாமி அறைக்குள் போகக் கூடாது, விளக்கைத் தொடக் கூடாது, அவ்வளவுதான். நம் வீட்டில் இருந்ததைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் எனக்கு விலக்கில்லாத நாளே இல்லை என்றால் என்ன செய்வது? வெள்ளிக்கிழமை வந்தால் அக்கா என் முகத்தைப் பார்ப்பார்.

"இன்னுமா நிக்கல?"

"நான் என்னக்கா பண்ணட்டும்? பைப்பா, திருகி மூடறதுக்கு?"

"அதுக்கு ஏன்மா கோவிக்கிற? கேட்டேன்" என்பார். அவருக்கு என் மேல் கவலைதான். வெந்தயக் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பார், வாழைப்பூ வாங்கிவந்து பொரியல் பண்ணித் தருவார். எதனால் இந்தப் போக்கு என்று அவருக்குத் தெரியாது. தெரிந்த நான் வாழைப்பூவை விழுங்கிக்கொண்டு சும்மா இருப்பேன்.

4

ஒரு நாள் காலையில் பிரவினைக் குளிப்பாட்டப் போன அக்கா, குளியலறையிலிருந்தே கத்தினார். "அலமாக்! இங்க வந்து பாரு. புள்ளைக்கு அம்மா வந்திருக்கு."

முதுகிலும் வயிற்றிலும் முத்து முத்தாக. உடம்பு கொதித்தது. கடைத்தெரு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். சீனர், வயதானவர், தமிழ் பேசுவார். பார்த்ததும் அம்மைதான் என்றார். "அம்மா, நீங்க சின்ன வயசில இது வந்தவங்களா?" என்று என்னைக் கேட்டார். ஆமாம் என்றேன். "அப்ப பயமில்ல. நீங்களே கூட இருந்து பார்த்துக்கலாம். நகத்தை வெட்டி விடுங்க, சொறிய விடாதீங்க" என்றார். திரும்பி வரும்போது காரில் என் மடியில்தான் படுத்திருந்தான்.

வீட்டு வாசலில் வேப்பிலையைச் செருகிவிட்டு, அக்கா தன் அறையில் புதுப் பாயை விரித்து வெள்ளைத் துணி போட்டார். தாளிப்பு நின்றது, மீன் நின்றது. பிள்ளையை என் கையிலிருந்து வாங்கி உள்ளே கிடத்தினார். பின்னாலேயே போன என்னை வாசற்படியில் நிறுத்தினார்.

"நீ இப்ப சுத்தமா?"

பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு வரவில்லை. "இல்லக்கா" என்றேன்.

"அப்ப உள்ள வராதம்மா. தப்பா நெனைக்காத. அவ இருக்கிற எடம். தீட்டுப்பட்டு முத்த கண்ணுல போட்டுட்டா நாம என்னா செய்யிறது?"

கண். அந்த ஒரு சொல்தான் என்னைப் படிக்கு வெளியே நிறுத்தியது. டாக்டர் சொன்னது காதில் இருந்தது, பிளஸ் டூவில் படித்த உயிரியல் நினைவிலிருந்தது. ஆனாலும் காலை எடுத்து உள்ளே வைக்க முடியவில்லை. தேவகோட்டையில் என் தம்பிக்கு அம்மை வந்தபோது எனக்கு விலக்கு. சித்தி வீட்டுக்கு அனுப்பினார்கள். புத்தகப் பையை எடுத்துக்கொண்டு நான் பாட்டுக்குப் போய்விட்டேன். ஏன் என்று கேட்கவே தோன்றவில்லை. உங்களில் யாருக்காவது தோன்றியிருக்குமா? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள்.

அறைக்குக் கதவைச் சாத்தவில்லை, ஒரு ஊதாத் திரை மட்டும் தொங்கியது. நான் தையல் ஸ்டூலை இழுத்துப் போட்டு அந்தத் திரைக்கு வெளியே உட்கார்ந்தேன்.

"ம்மா, வா."

"இந்தா இருக்கேன்டா கண்ணு. அத்தை மருந்து போடட்டும்."

"நீ போடு."

"அம்மா இங்கேயிருந்தே கதை சொல்றேன், கேக்குறியா?"

"வேணாம். உள்ள வா. எரியுதும்மா."

எரியுதும்மா என்று மூன்று வயதுப் பிள்ளை கூப்பிடுகிறது. பெற்றவள் இரண்டு எட்டு தள்ளி உட்கார்ந்து குரங்குக் கதை சொல்கிறாள்.

ஊருக்கு வீடியோ கால் போட்டேன். என் அம்மா எனக்காகப் பேசுவாள், இந்தக் காலத்தில் என்னடி இதெல்லாம் என்பாள், அதை அப்படியே அக்காவிடம் போனை நீட்டிக் கேட்க வைக்கலாம் என்று ஆசை. "அங்கெல்லாமாடி அம்மை வருது?" என்று முதலில் ஆச்சரியப்பட்டாள். பிறகு, "உன் நாத்தனார் சொல்றது சரிதான். நீ கிட்டக்க போயிராத. புள்ளை கண்ணு முக்கியம்" என்றாள். போனைக் கவிழ்த்து வைத்தேன்.

அன்று சாயங்காலம் வேறு வழி தெரியாமல் அக்காவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். சமையலறையில் அவர் வேப்பிலை அரைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, இது மாசத் தீட்டு இல்ல. டாக்டர் உள்ள ஒரு கம்பி வெச்சிருக்காங்க, புள்ள தங்காம இருக்க. அதுனால வர்ற ரத்தம். உங்க தம்பிக்கும் தெரியும்."

அரைப்பதை நிறுத்தினார்.

"அப்ப நான் கோயில் மரத்துல தொட்டில் கட்டினது?" என்றார்.

எனக்குத் தெரியாது அது. தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஒங்க ரெண்டு பேருக்கும் தெரியும். நான் ஒருத்திதான் லூசு மாதிரி வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம மரத்த சுத்தி வந்திருக்கேன்."

"நான் செத்துப்போயிருவேன்னு டாக்டர் சொன்னாங்கக்கா."

"எங்கிட்ட சொல்லியிருந்தா நான் என்னா, செத்துப் போன்னா சொல்லியிருப்பேன்?" கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம், சத்தம் போடாமல்தான் சொன்னார். "ரத்தம் ரத்தம்தான். எதுனால வந்தா என்னா? ஒரு புள்ளைய வேணாம்னு கம்பி வெச்சீங்க. அதான் இருக்கிற புள்ளைமேல எறங்கிட்டா."

அரைத்த வேப்பிலையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். வெளிக்காரி சொல்லியிருந்தால் உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். அவர் அழுதுகொண்டே சொன்னார். நானும் அழுதுகொண்டே கேட்டேன். எங்கள் இரண்டு பேரில் ஒருத்தருக்கும் அது பொய் என்று சொல்லத் தைரியம் இல்லை.

வீட்டுக்காரர் வந்ததும் அவரிடம் சொன்னேன். சட்டையைக்கூடக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்திருந்தார். "கொஞ்ச நாள்தானே. அக்காவ எதுத்துப் பேசி என்னா ஆவப்போவுது?" என்றார்.

"அவன் கூப்பிட்டுக்கிட்டே இருக்கான்ங்க."

"சின்னப் புள்ள. மறந்துடும்."

மறந்துதான் போனான். இரண்டு நாள் கூப்பிட்டான். மூன்றாம் நாள் "அத்தை" என்று கூப்பிட ஆரம்பித்தான். அத்தை கூப்பிட்டதும் வருகிறார், வேப்பிலையால் வருடுகிறார், மடியில் போட்டுக்கொள்கிறார். அம்மா என்றால் வெளியிலிருந்து ஒரு குரல். எந்தப் பிள்ளையும் அப்படித்தானே செய்யும்? திரைக்கு வெளியே நான் கதையை நடுவில் நிறுத்திப் பார்த்தேன். அப்புறம் என்ன என்று அவன் கேட்கவில்லை.

தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாளில் மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் காய்ந்த தண்ணீரை அக்காவே ஊற்றினார். துவட்டி வெளியே கொண்டுவந்து விட்டார். எனக்கு அன்று நின்றிருந்தது. தலை குளித்து, துவைத்த சேலை கட்டி, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றேன். அவன் என் கையைப் பார்த்தான். பிறகு திரும்பி அக்காவின் முகத்தைப் பார்த்தான், போகலாமா என்று. "போடா, அம்மாகிட்ட போ" என்று அவர் சொன்ன பிறகுதான் வந்தான்.

5

கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. நெற்றியில் ஒரு தழும்பு, அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பிறகு அவன் அக்கா அறையிலேயே படுக்க ஆரம்பித்துவிட்டான். கொஞ்ச நாள் போகட்டும், பயந்திருக்கிறான் என்று விட்டேன். கொஞ்ச நாள் கொஞ்ச நாள் என்று வருடங்கள் ஆகிவிட்டன.

இப்போது எட்டு வயது. தமிழ்ப் பள்ளிக்குத்தான் போகிறான். மலாய்ப் பாடம் வந்தால் அத்தையிடம்தான் நோட்டைத் தூக்கிக்கொண்டு போவான், ஏனென்றால் என் மலாய் அவனுக்குச் சிரிப்பு. நான் "ஸ்கூல்" என்றால் "செக்கோலா லா மா" என்று திருத்துவான். நண்பர்களோடு மலாய், டிவியோடு இங்கிலீஷ், அத்தையோடு வாய் ஓயாமல் தமிழ். என்னோடு பேசும்போது மட்டும் அளந்து பேசுவான். அத்தையை "நீ, வா, போ" என்பான். என்னை "நீங்க, வாங்க" என்பான். இங்கே பிள்ளைகள் அம்மாவை நீங்க என்பது வழக்கம்தான் என்று வீட்டுக்காரர் சொல்கிறார். மரியாதைதானே, சந்தோஷப்படு என்கிறார். நம் பக்கத்தில் பெற்றவளை நீங்க என்று எவன் சொல்வான்? என் தம்பி அம்மாவை "நீ போடி" என்றுகூடச் சொல்லி அடி வாங்கியிருக்கிறான். அந்த ஒரு "நீ"க்கு நான் ஏங்குகிறேன் என்றால் இவருக்குப் புரியாது.

ரத்தப்போக்கு கொஞ்சம் குறைந்தது, நிற்கவில்லை. அதனால் அந்தக் கட்டுப்பாடும் நிற்கவில்லை. விளக்கேற்றும் நாளில் எனக்கு எதிரே வந்தால் பிரவின் சுவரோடு ஒட்டிக்கொண்டு ஒதுங்குவான். யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. பார்த்துப் பார்த்தே படித்துக்கொண்டான். நான் கிளினிக்குக்குப் போனதற்கு முந்தின மாதம் சைக்கிளிலிருந்து விழுந்து முட்டி பேர்ந்து ரத்தம் ஒழுக வந்தான். பதறிப்போய் நான் ஓடினேன். அழுதுகொண்டிருந்தவன் அழுகையை நிறுத்திவிட்டு, "ம்மா, இன்னிக்கு நீங்க தொடலாமா?" என்று கேட்டான். குடிக்க மைலோ இருக்கா என்று கேட்கிற மாதிரிதான் கேட்டான். அவன் மனசில் விகல்பம் ஒன்றுமில்லை. எனக்குத்தான் அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது.

செத்துப்போனால் பிள்ளைக்கு அம்மா இல்லாமல் போய்விடும் என்று வைத்துக்கொண்ட கம்பி. நான் சாகவில்லை. அவனுக்கு அம்மாதான் இல்லாமல் போய்விட்டது.

கிளினிக் பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தது இவ்வளவும்தான். எழுந்து உள்ளே போய், "புவாங், மிஸ்ஸி" என்றேன்.

இரும்பு இடுக்கியால் பிடித்து, ஒரு இருமல் இருமச் சொன்னார். இருமினேன். முடிந்துவிட்டது. தட்டில் போட்டுக் காட்டினார். வெள்ளைத் தண்டு, அதில் செம்புக் கம்பி சுற்றியிருக்கிறது, வாலில் நூல். விரல் நீளம்கூட இல்லை. அழுத்தத்தை அளந்து பார்த்துவிட்டு, இப்போது நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் வேறு வழி ஏதாவது பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அக்கறையாகச் சொன்னார். அன்று ராத்திரி வீட்டுக்காரரிடம், "இனிமே ஒங்க பாடு. பார்மசிக்குப் போயி வாங்கிட்டு வாங்க. என்ன ஆள விடுங்க" என்றேன். மனிதர் முகம் சிவந்துபோய்த் தலையாட்டினார். வாங்கி வந்தும் வைத்தார், பழைய பேப்பரில் சுற்றி, ஏதோ கஞ்சா கடத்துகிறவர் மாதிரி.

6

இரண்டு மாதத்தில் உடம்பு பழைய கணக்குக்கு வந்துவிட்டது. நேரத்துக்கு வந்தது, நேரத்துக்கு நின்றது. ஐஸ் கடிக்கிற வெறி போனது. ஒரு வெள்ளிக்கிழமை அக்காவே தீப்பெட்டியை என் கையில் கொடுத்தார். "நீயே ஏத்தும்மா" என்றார். அவரிடம் எடுத்துவிட்டதைச் சொல்லியிருந்தேன். ஒளிக்க இனி என்ன இருக்கிறது? "ஒடம்பப் பாத்துக்க. எனக்கு இன்னொரு புள்ளை வேணாம், நீ நல்லா இருந்தா போதும்" என்றார். அன்று எவ்வளவோ நாளுக்குப் பிறகு எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. தடை என்று இருந்தது ஒன்று, அதுவும் போய்விட்டது, இனி பிள்ளை தானாக வந்துவிடுவான் என்று கணக்குப் போட்டேன்.

போன வாரம் அவனுக்குக் காய்ச்சல். இங்கே காய்ச்சல் என்றாலே டெங்கியோ என்றுதான் முதலில் பயம். ரத்தப் பரிசோதனையில் அது இல்லை, சாதாரணக் காய்ச்சல்தான் என்றார்கள். மத்தியானம் வீட்டுக்குக் கூட்டிவந்து அக்கா கட்டிலில் படுக்க வைத்தோம். ஈரத்துணியும் கிண்ணமுமாக அக்கா உள்ளே போனவர், பாதியில் திரும்பி வந்து இரண்டையும் என்னிடம் நீட்டினார்.

"நீ போயி உக்காரு. நீதான் பாக்கணும். எனக்கும் முட்டி வலிக்குது" என்றார். அவர் முட்டி எப்போதும் வலிப்பதுதான். எனக்காகத்தான் சொன்னார் என்று தெரிந்தது. அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. பிடிக்கவில்லை, உள்ளே போய்விட்டேன்.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவன் நெற்றியில் துணியை வைத்தேன். கழுத்தைத் துடைத்தேன், கையைத் துடைத்தேன். ஐந்து வருடமாக இப்படி ஒரு மத்தியானத்துக்குத்தான் காத்திருந்தேன். கொதிக்கிற உள்ளங்கையை என் கன்னத்தில் வைத்துக்கொண்டேன். அவன் கையை எடுக்கவில்லை. ஆனால் கண்ணை மூடவும் இல்லை. விறைப்பாகப் படுத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தூங்குடா."

"ம்."

"தலை வலிக்குதா? அமுக்கி விடவா?"

"பரவால்ல மா."

கொஞ்ச நேரம் கழித்து, "உங்களுக்குத் தைக்கிற வேல இல்லையா?" என்றான்.

"இருக்கு. அது கெடக்கட்டும். நீதான் முக்கியம்."

அவன் கண் வாசல் பக்கம் போய் வந்தது. எனக்குப் புரிந்தது. புரியாத மாதிரி துணியை மறுபடி நனைத்துப் பிழிந்து நெற்றியில் வைத்தேன். என்ன கதை சொல்லலாம் என்று தேடினேன். எட்டு வயதுப் பிள்ளைக்கு என்ன கதை பிடிக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

"தேங்க் யூ மா" என்றான். கிளினிக்கில் ஊசி போட்ட பிறகு மிஸ்ஸியிடம் சொல்வானே, அப்படி. நல்ல பிள்ளை, மரியாதையான பிள்ளை, மனசு நோகக் கூடாது என்று குரலைத் தணித்துத்தான் அடுத்ததைக் கேட்டான்.

"இப்ப அத்தைய கூப்பிடுறீங்களா?"

கூப்பிட்டேன். அக்கா என் முகத்தைப் பார்க்காமல் முட்டியைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். அவர் உட்காருவதற்கு முன்பே அவன் சுவர்ப்பக்கம் நகர்ந்து படுத்து இடம் விட்டான். நான் எழுந்து துணியை அவர் கையில் கொடுத்தேன்.